திங்கட்கிழமையின் இயந்திரம்

பழைய மோட்டார் கார்களையும் கிராமஃபோன்களையும் தேடி வாங்கிச் செப்பனிடுகிறவர்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. பழைய சலவை இயந்திரங்களை அப்படிச் செப்பனிட்டு, வீட்டின் நிலவறையில் வரிசையாக நிறுத்தி, முறைவைத்து அவற்றில் தம் வீட்டுத் துணிகளைத் துவைத்து மகிழ்கிறவர்களும் உண்டு என்றால், கேட்பவர் முதலில் சிரிக்கத்தான் செய்வார். அமெரிக்காவில் இவர்கள் ஒரு சிறு குலமாகவே இருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் மற்றவர்கள் கூடி, நாள் முழுக்க இயந்திரங்களை ஓடவிட்டு, துண்டுகளையும் விரிப்புகளையும் துவைத்துப் பார்க்கிற ஒன்றுகூடல்களும் நடப்பதுண்டு.

இந்தக் குலத்தின் மூத்தவர் என்று லீ மாக்ஸ்வெல்லைச் சொல்லலாம். கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தவர். 1980களின் நடுவில் சேகரிக்கத் தொடங்கி, ஈட்டன் என்ற சிற்றூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சலவை இயந்திரங்களைக் குவித்தார். கின்னஸ் புத்தகத்திலும் இடம்பிடித்தார். துருவேறியும் மரம் உளுத்தும் வந்தவற்றைத் தம் கையாலேயே பிரித்துப் பூட்டியவர் அவர். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘பெண்களின் உயிரைக் காப்பாற்று’ என்று வரும். பொழுதுபோக்காளர் ஒருவரின் புத்தகத்துக்கு இது சற்றே கனமான தலைப்பு. ஆனால் மிகையான தலைப்பு அன்று. அந்தத் தலைப்பில் இருக்கிற கனம் இந்த இயந்திரங்களுக்குள் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

இயந்திரத்துக்கு முந்தைய சலவையிலிருந்து தொடங்கவேண்டும். அமெரிக்கக் குடும்பங்களில் திங்கட்கிழமை சலவை நாள்; செவ்வாய்க்கிழமை இஸ்திரி நாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒரு வாரச் சலவைக்கு, ஒரு துவைப்பு, ஒரு கொதிப்பு, ஓர் அலசல் என்று மட்டும் வைத்துக்கொண்டாலே சுமார் ஐம்பது காலன், அதாவது 190 லிட்டர் தண்ணீர் தேவைப்பட்டது என்று ‘நெவர் டன்’ (1982) நூலில் சூசன் ஸ்ட்ராஸர் எழுதுகிறார். அவ்வளவு தண்ணீரும் கிணற்றிலிருந்து அடுப்புக்கும், அடுப்பிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து வெளியே கொட்டும் இடத்துக்கும் கையால் சுமக்கப்பட்டாக வேண்டும். துணியைக் காரத்தில் கொதிக்கவைப்பது நமக்கு வெள்ளாவி என்ற சொல்லால் நன்றாகவே தெரிந்த வேலை. வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவதும் அங்கே இருந்தது. மினசோட்டாவில் 1883-ல் விற்பனைக்கு வந்த ‘மிஸஸ் ஸ்டூவர்ட்ஸ்’ நீலத்தைப் பார்த்தால் நம் சொட்டு நீலத்தின் பாட்டியைப் பார்த்தது போலிருக்கும். ஒரு வேறுபாடு முக்கியமானது. இங்கே இந்த வேலை ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டது. அங்கே அது ஒவ்வொரு வீட்டுப் பெண்ணின் தலையிலும், கொஞ்சம் வசதியிருந்தால் கூலிக்கு வரும் கறுப்பினப் பெண்ணின் தலையிலும் விழுந்தது.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தும் பல இடங்களில் இது மாறவில்லை. லிண்டன் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ராபர்ட் கேரோ, அதன் முதல் தொகுதியில் (1982) டெக்ஸஸ் மலைநாட்டுப் பெண்களின் வீட்டு வேலைக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியிருக்கிறார். ஓர் அரசியல்வாதியின் வரலாற்றில் சலவைக்கும் இஸ்திரிக்கும் என்ன இடம் என்று வாசகர் தொடக்கத்தில் திகைப்பார். இளம் வயதிலேயே கூன் விழுந்த பெண்களைப் பற்றி வாசித்து முடித்தபின், 1930களின் இறுதியில் அந்த மலைநாட்டுக்கு மின்சாரம் வந்தபோது மக்கள் ஏன் ஜான்சனைக் கொண்டாடினார்கள் என்பது விளங்கிவிடும். 1935-ல் கிராம மின்மயமாக்கலுக்கென ஒரு தனி அமைப்பை ரூஸ்வெல்ட் உருவாக்கியபோது, அமெரிக்கப் பண்ணைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குத்தான் மின் இணைப்பு இருந்தது.

சலவை இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்வியில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. 1760களில் ரேகன்ஸ்பர்க் நகரின் ஷேஃபர் என்ற பாதிரியார் ஒரு வடிவமைப்பை வெளியிட்டார். பிறகு நூற்றுக்கணக்கான காப்புரிமைகள், பெரும்பாலும் மரத்தொட்டியும் கைப்பிடியும். மின்சாரச் சலவை இயந்திரத்தை ஆல்வா ஃபிஷர் கண்டுபிடித்தார் என்று வினாடி வினாப் புத்தகங்கள் இன்னமும் சொல்கின்றன. அவருடைய காப்புரிமை 1910-ல் வந்தது; அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மின்சாரச் சலவை இயந்திரங்கள் செய்தித்தாள்களில் விளம்பரமாகிக்கொண்டிருந்தன. இந்தப் பட்டியலில் நின்று பார்க்கவேண்டிய பெயர் வேறொன்று. வாஷிங்டனில் வாழ்ந்த எல்லன் எக்லின் என்ற கறுப்பினப் பெண் துணி பிழியும் கருவி ஒன்றை உருவாக்கி, 1888-ல் அதை ஒரு தரகருக்குப் பதினெட்டு டாலருக்கு விற்றுவிட்டார். கறுப்பினப் பெண்ணின் பெயரில் காப்புரிமை இருப்பது தெரிந்தால் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் வாங்கமாட்டார்கள் என்பதுதான் அதற்கு அவர் சொன்ன காரணம்.

இனி அயோவா மாநிலத்தின் நியூட்டன் நகருக்கு வருவோம். சேகரிப்பாளர்களின் கூடங்களில் தவறாமல் நிற்கிற இயந்திரம் பிறந்த ஊர் அது. ஃபிரெடரிக் மேடாக் 1893-ல் அங்கே கூட்டாளிகளுடன் தொடங்கியது கதிரடிக்கும் இயந்திரங்களுக்கான உறுப்புகள் செய்யும் தொழில். அறுவடைக்காலம் முடிந்தால் பட்டறைக்கு வேலையில்லை. அந்த இடைவெளியை நிரப்ப 1907-ல் ஒரு மரச் சலவை இயந்திரத்தைச் செய்தார்கள். பக்கத்தொழில் முதல்தொழிலை விழுங்கிவிட்டது. 1919-ல் வார்ப்பு அலுமினியத்தில் தொட்டி வந்தது. 1922-ல் ஹோவர்ட் ஸ்னைடரின் உழைப்பில் ‘ஜைராஃபோம்’ வந்தது. அதுவரை பல இயந்திரங்களில் மூடியிலிருந்து தொங்கும் ஒரு மரக்கட்டை துணியைத் தண்ணீருக்குள் இழுத்துத் திருப்பிக்கொண்டிருந்தது. ஸ்னைடர் கலக்கியைத் தொட்டியின் அடியில் வைத்தார். சிறகுகள் கொண்ட அந்தக் கூம்பு இடமும் வலமுமாக அரைவட்டம் போட்டபோது, துணி இழுபடாமல், சோப்புத் தண்ணீர் துணிக்குள் ஊடுருவிச் சென்றது. பிற்காலத்தில் மேலிருந்து துணி போடும் இயந்திரங்களில் பெரும்பாலானவை இந்த யோசனையின் வாரிசுகள்தாம்.

மின்சாரம் இல்லாத பண்ணைகளுக்கு மேடாக் தந்த விடை இன்னும் சுவையானது. 1910களின் நடுவிலிருந்து தொட்டிக்கு அடியில் ஒரு சிறு பெட்ரோல் என்ஜினைப் பொருத்தி விற்றார்கள். பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்றவேண்டிய இரண்டடி விசை என்ஜின். பெண்கள் காலால் மிதித்தே கிளப்பும்படி ஒரு மிதி அதில் இருக்கும். புகையை வெளியேற்ற வளையும் உலோகக் குழாய் ஒன்றைக் கதவு வழியாகவோ சன்னல் வழியாகவோ வெளியே நீட்டிவிட வேண்டும். நீட்ட மறந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் வந்தபின் இந்த என்ஜின்களைப் பண்ணை வீட்டுப் பையன்கள் கழற்றித் தங்கள் சிறு வண்டிகளில் பூட்டிக்கொண்டார்கள். என்ஜினோடு முழுமையாகக் கிடைக்கும் இயந்திரத்துக்கு இன்றைய சேகரிப்பாளரிடையே மதிப்புக் கூடியிருப்பதற்கு அந்தப் பையன்களும் ஒரு காரணம்.

செப்பனிடும் வேலைக்கு வருவோம். பண்ணைக் கொட்டகையில் முப்பது நாற்பது ஆண்டுகள் கிடந்த, மேடாக் ‘ஈ’ வகைச் சதுர அலுமினியத் தொட்டி இயந்திரம் ஒன்று வீட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தடை கலக்கி. தண்டின் மேல் மேலாகத் தூக்கினால் கழன்று வரவேண்டிய அது, பல்லாண்டு காலச் சோப்புப் படிவினாலும் அரிப்பினாலும் இறுகிப் போயிருக்கும். தட்டினால் உடைந்துவிடும் என்பதால் பொறுமையான வழி, தொட்டியில் சுடுதண்ணீர் நிரப்பிக் காத்திருந்து, பிறகு கலக்கியின் விளிம்புக்கடியில் கயிற்றைக் கோத்து மெதுவாக இழுப்பது. சில சமயம் இதற்கே ஒரு வாரம் ஆகும். அடுத்து, பற்சக்கரங்கள் இருக்கும் பெட்டி. உள்ளே எண்ணெய் களிம்பாகியிருக்கும். அதை வழித்தெடுத்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பற்கள் புத்தம் புதியதாக மின்னும். அவ்வளவு தடிமனாக வார்த்திருக்கிறார்கள். ரப்பர் உறை பொடிந்து உதிரும் பழைய மின்வடத்தைத் தயங்காமல் வீசிவிடவேண்டும். நிலத்தொடர்பு இல்லாத இரட்டை முனைச் செருகியோடு வந்த இயந்திரம், ஈரத்தரையில் நின்று ஈரக் கையால் இயக்கப்படுவது என்பதை நினைத்தால், நிலத்தொடர்புள்ள புது வடமும் கசிவு கண்டால் துண்டிக்கும் மின்காப்பும் போடுவதில் பழமைவாதம் பேச இடமில்லை.

பிறகு பிழியும் உருளைகள். தொட்டிக்கு மேலே ஒரு தூணில் சுழன்று நிற்கும் தலைப்பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் உருளைகள். துணியை ஒருபுறம் கொடுத்தால் தண்ணீரெல்லாம் வழிந்து, தட்டையான பலகை போல் மறுபுறம் வரும். மேடாக் நிறுவனம் இதற்கு ‘உருளை நீர்நீக்கி’ என்று கம்பீரமாகப் பெயர் வைத்திருந்தது. வேலை முடிந்ததும் உருளைகளின் அழுத்தத்தைத் தளர்த்திவிட வேண்டும். இல்லையென்றால் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ரப்பர் தட்டையாகிவிடும். ஆகவே கொட்டகையில் கிடைத்த இயந்திரத்தின் உருளைகளைப் பார்த்தே அதைக் கடைசியாகப் பயன்படுத்திய பெண் எப்படிப்பட்டவர் என்று ஊகிக்கலாம். உருளைகள் வட்டம் குலையாமல் இருந்தால், கடைசித் திங்கட்கிழமையிலும் அவர் நெம்புகோலைத் தளர்த்திவிட்டுத்தான் போயிருக்கிறார். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் ஆகப் பிடித்த விவரம் இதுதான். எந்தக் காப்பகத்திலும் பெயர் பதியாத ஒருவரின் பழக்கம் ஒரு ரப்பர்த் துண்டில் பதிந்திருக்கிறது.

இயந்திரத்தை ஓட்டத் தொடங்கினால் இன்னொன்று புலப்படும். இது தானியங்கி அல்ல. இதை இயக்க ஓர் ஒழுங்கு தெரிந்திருக்க வேண்டும். தொட்டியில் ஒருமுறைதான் சுடுதண்ணீர் நிரப்புவார்கள். முதலில் வெள்ளைத் துணிகள். பத்து நிமிடத்துக்குள் அவை பிழியப்பட்டு அலசும் தொட்டிக்குள் விழும்போது, அதே தண்ணீரில் வெளிர் நிறத் துணிகள் இறங்கும். பிறகு அடர் நிறம். கடைசியில் வயலில் உழைத்தவரின் உடுப்புகள். இதற்கிடையில் உருளைத் தலையைத் திருப்பி முதல் அலசலிலிருந்து இரண்டாம் அலசலுக்கு, அங்கிருந்து கூடைக்கு. பொத்தான்களை உள்பக்கமாக மடித்துக் கொடுக்காவிட்டால் அவை நொறுங்கும் அல்லது தெறிக்கும். தண்ணீரின் சூடு குறைவதற்குள் எல்லா வரிசையும் முடியவேண்டும். நான்கைந்து தொட்டித் துணி ஒரே காலையில், ஒரே தண்ணீரில் முடிந்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணீரை மாற்றிக்கொண்டு மணிக்கணக்கில் ஓடும் இன்றைய இயந்திரத்தோடு ஒப்பிட்டு, செப்பனிடுகிறவர்கள் இந்த வேகத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் அந்த வேகம் இயந்திரத்துடையது மட்டுமன்று. அருகில் நின்றுகொண்டே இருக்கும் ஒருவருடைய கவனமும் அதில் சேர்ந்திருக்கிறது.

கவனம் சிதறினால் விலை பெரிது. துணியோடு விரலும், விரலோடு கையும் உருளைகளுக்கிடையே போய்விடும். தாய் திரும்பிப் பார்ப்பதற்குள் கைவிட்ட குழந்தைகளே அதிகம் சிக்கினார்கள். 1930களிலேயே அமெரிக்க மருத்துவர்கள் இக்காயத்துக்குத் தனிப் பெயர் வைத்து மருத்துவ இதழ்களில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். தட்டினால் அழுத்தம் விடுபடும் பாதுகாப்புச் சட்டம் பின்னர் வந்தது. செப்பனிடுகிறவர் முதலில் சோதிக்கவேண்டியது அந்தச் சட்டத்தைத்தான். பளபளப்பு அப்புறம்.

அப்படியானால் இந்த இயந்திரம் பெண்ணை விடுவித்ததா? தண்ணீர் கொதிக்கவைத்துப் பலகையில் தேய்த்த உடம்புக்கு இது விடுதலைதான், அதில் ஐயமில்லை. ஸ்வீடிஷ் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங், தம் வீட்டுக்கு முதல் இயந்திரம் வந்த நாளில் தம் பாட்டி அதன் முன் அமர்ந்து சுற்று முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்ததை 2010-ல் ஓர் உரையில் சொன்னார். மிச்சமான நேரத்தில் அம்மா தம்மை நூலகத்துக்கு அழைத்துப் போனதாகவும் சொன்னார். கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

மறுபக்கத்தைச் சொன்னவர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன். ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ (1983) என்ற அவருடைய நூல், இயந்திரம் வருவதற்குமுன் சலவை வீட்டைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது என்பதை நினைவூட்டுகிறது. நகரங்களில் வணிகச் சலவையகங்கள் பெருகியிருந்தன. கூலிச் சலவைக்காரிகள் இருந்தார்கள். மின் இயந்திரம் அந்த வேலையை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவந்து, ஒரே பெண்ணிடம் ஒப்படைத்தது. எளிதாகத் துவைக்க முடிந்ததால் அடிக்கடி துவைக்கவேண்டியதாயிற்று. நேற்று வாரம் ஒரு சட்டை. இன்று நாளுக்கு ஒன்று. வெளியேற்றப்பட்ட சலவைக்காரிகளின் கதையும் சிறியதன்று. 1881-ல் அட்லாண்டாவில் கறுப்பினச் சலவைக்காரிகள் சங்கம் அமைத்து, கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். இருபது பேரோடு தொடங்கிய அச்சங்கம் சில வாரங்களில் மூவாயிரத்தை எட்டியது. வீட்டுக்குள் தனியாக இயந்திரத்தின் முன் நின்ற பெண்ணுக்குச் சங்கம் அமைக்க யார் இருந்தார்கள்?

தானியங்கிகளின் கதையை விரைவாகச் சொல்லிவிடலாம். 1937-ல் பென்டிக்ஸ் நிறுவனம் முன்பக்கக் கதவுள்ள இயந்திரத்தை வெளியிட்டது. சுழலும்போது அதிர்ந்து நகர்ந்துவிடும் என்பதால் அதைத் தரையோடு திருகி இறுக்கவேண்டியிருந்தது. போர்க்காலத்தில், 1942-ல், சலவை இயந்திர உற்பத்தி நிறுத்தப்பட்டது. 1947-ஐ ஒட்டி எல்லோரும் களத்துக்கு வந்தார்கள். அவற்றுள் சேகரிப்பாளர்கள் உயிரையே விடுவது ஃபிரிஜிடேரின் மேல். அதன் கலக்கி இடவலமாகச் சுழலாமல் மேலும் கீழுமாகக் குதிக்கும். அந்தக் குதிப்பில் துணிகள் தொட்டிக்குள் நடனமாடுவதைப் பார்ப்பதற்காகவே மூடியைத் திறந்துவைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கார் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸின் பிள்ளை அது; நடை உடை எல்லாம் காரைப் போலவே.

இந்தச் சேகரிப்பாளர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அம்மாவோ பாட்டியோ துவைப்பதைத் தரையில் உட்கார்ந்து பார்த்த சிறுவர்கள் வளர்ந்து, அந்த ஓசையைத் தேடுகிறார்கள். 1959 ஜூலையில் மாஸ்கோக் கண்காட்சியில் நிக்ஸன் ஒரு சலவை இயந்திரத்தைக் காட்டி, இவை எங்கள் பெண்களின் வேலையை எளிதாக்குகின்றன என்ற பொருளில் பேசினார். பெண்களைப் பற்றிய முதலாளித்துவ மனப்பான்மை எங்களிடம் இல்லை என்று குருஷ்சேவ் மடக்கினார். இருவருக்கும் அந்த இயந்திரத்தில் துவைத்த அனுபவம் இருந்திருக்குமா என்பது ஐயமே. அவர்களோடு ஒப்பிட்டால், நிலவறையில் முழங்கை வரை எண்ணெயோடு நின்று, பொத்தானை மடித்துக் கொடுக்கக் கற்றுக்கொள்கிற இந்த ஆண்கள் எவ்வளவோ மேல். அவர்களுடைய மகிழ்ச்சியில் ஒரு சலுகை உண்டு. சலித்துப்போனால் மாடியில் தானியங்கி இருக்கிறது. மலைநாட்டுப் பெண்ணுக்கு அந்த மாடி இல்லை. இது குற்றச்சாட்டு அன்று. அந்த வேறுபாட்டை உணர்ந்து துவைக்கிறவர்களின் பேச்சில் பாட்டியைப் பற்றிய தொனியே மாறிவிடுவதைக் கவனிக்கலாம்.

நியூட்டனுக்குத் திரும்பினால், அங்கே இயந்திரம் செய்தவர்களின் வாழ்க்கை இருக்கிறது. 1938-ல் பத்து சதவீத ஊதிய வெட்டை எதிர்த்து மேடாக் தொழிலாளர்கள் போராடியபோது, மாநில ஆளுநர் தேசியக் காவற்படையை அனுப்பினார். தோல்வியோடு, குறைந்த கூலிக்கே வேலைக்குத் திரும்பினார்கள். 1967-ல் வந்த புகழ்பெற்ற விளம்பரத்தில், மேடாக் இயந்திரம் பழுதே ஆகாததால் வேலையின்றித் தனிமையில் வாடும் பழுதுபார்ப்பவராக ஜெஸ்ஸி ஒயிட் நடித்தார். அந்த மனிதருக்கு இப்போது நாடெங்கும் நிலவறைகளில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லலாம். உருளை வைத்த இயந்திரங்களை மேடாக் 1983 வரை செய்துகொண்டிருந்தது. விலை குறைவு, தண்ணீர் குறைவு, தானே பழுது பார்த்துக்கொள்ளலாம் என்று கேட்டு வாங்குகிறவர்கள் அதுவரை இருந்தார்கள். 2006-ல் நிறுவனத்தை வேர்ல்பூல் வாங்கியது. 2007-ல் நியூட்டன் தொழிற்சாலை மூடப்பட்டது.

அந்த ஊரின் ஜாஸ்பர் கவுண்டி அருங்காட்சியகத்தில் மேடாக் இயந்திரங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஓஹையோவிலும் பென்சில்வேனியாவிலும் பொது மின்சாரத்தை ஏற்காத ஆமிஷ் சமூகத்தினர் அதே இயந்திரங்களைத் தேடி வாங்கி, மின்மோட்டாரைக் கழற்றிவிட்டுச் சிறு பெட்ரோல் என்ஜினிலோ அழுத்தக் காற்றிலோ ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு இது பழம்பொருளும் இல்லை, பொழுதுபோக்கும் இல்லை. சேகரிப்பாளரும் ஆமிஷ் குடும்பத் தலைவரும் ஒரே பண்ணை ஏலத்தில் ஒரே இயந்திரத்துக்கு விலை கேட்டு நிற்க நேரலாம். ஒருவர் அதன் அலுமினியத்தை மெருகேற்ற நினைப்பார். இன்னொருவர் குனிந்து உருளைகளின் ரப்பரை விரலால் அழுத்திப் பார்ப்பார். அடுத்த திங்கட்கிழமைக்குள் அது வேலைக்கு வேண்டும்.